குல்லாயை இழுத்துவிட்ட அண்ணன்

அம்மா,

பெட்டியின் அடியில் கிடந்த அண்ணனின் பழைய ஸ்வெட்டரை இன்று துவைக்க எடுத்தேன். அதன் பையில் நீ வைத்த தைலப் புட்டி, மூடி கழன்று கிடந்தது. வீடு முழுக்க உன் வாசனை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அவன் பையில்தான் குடியிருக்கிறாய்.

ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சோடே அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. தலை நரைத்து, முட்டியும் வீங்க ஆரம்பித்துவிட்டது. வலிக்கிறது என்று சொல்லத்தான் இன்னும் வரவில்லை.

தை மாதம் உறைபனி கொட்டிய வாரத்தில் குல்லாயைக் கண் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். குன்னூர்க் குளிரில் குல்லாயை இழுத்துவிடாதவர் யார்? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுவிட்டேன். கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்தேன். எட்டாம் நாள் கன்னம் வீங்கியது. கடைவாய்ப் பல்லில் சீழ். "எத்தனை நாளா வலி?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வாசலைப் பார்த்தேன், நீ வந்து பதில் சொல்வாய் என்பதுபோல.

உன்னோடு கொழுந்து பறித்த சரசக்காதான் சொன்னாள்: "அவன் குல்லாய எறக்குனா ஒடம்புக்கு ஆகலைன்னு அர்த்தம் கண்ணு. உங்கம்மா தலையிலிருந்து கால் வரைக்கும் அமுக்கிப் பாக்கும். எங்க கையப் புடிக்கிறானோ, அங்கதான் வலி."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்மேல் கோபம் வந்தது. நான் எப்போது கேட்டேன்? ஞாயிற்றுக்கிழமை பன்னும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் உன் லயத்து வீட்டுக்கு வந்து, நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிய விருந்தாளிதானே நான்.

இப்போது தினமும் அமுக்கிப் பார்க்கிறேன். கிச்சுகிச்சு மூட்டுகிறேன் என்று சிரிக்கிறான். போன வாரம் கழிப்பறைக்கு வழி தெரியாமல் சமையலறையில் நின்றான். எனக்கும் பிரஷர், சர்க்கரை எல்லாம் வந்தாயிற்று. கோயம்புத்தூரில் அவனைப் போன்றவர்களுக்கான ஒரு இல்லத்துக்குப் போன் செய்தேன். "அம்பது தாண்டுனா சேத்துக்கறதில்லீங்க" என்றார்கள். எனக்குப் பிறகு அவனுக்கு யார் அம்மா? எப்படி யோசித்தாலும் ஒரு முகமும் தெரியவில்லை.

நீ நோயில் விழுந்த வருடம், மாரியம்மன் கோயிலில், "எனக்கு முன்னாடி இவனக் கூட்டிக்கோ தாயே" என்று வேண்டினாய். "பெத்தவ பேசற பேச்சா இது? நானில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். இரண்டு வாரம் உன் பக்கமே வரவில்லை.

நேற்று அவனை அதே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கண்ணை மூடினேன். நீ கேட்டதையே நானும் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் அம்மா.

யார் வேண்டினாலும் கூடவே சொல்வானே, அப்படியே அண்ணன் கைகூப்பி நின்று உரக்கச் சொன்னான்: "ஆமா சாமி."