தகட்டில் ஒட்டாத எரிபொருள்

காலை 6.10
நான் பியூலா. செவ்வாய்க்குப் போகும் சரக்குக் கலத்தில் தனியாள். அரை மணி நேரம் பின்னால், இதே வகைக் கலத்தில் ரிஸ்வான் வருகிறான். இன்று இருவரும் எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், நான் 8.05க்கு, அவன் 8.35க்கு; தவறினால் செவ்வாயைத் தாண்டிப் போய்விடுவோம். பூமி சூரியனுக்குப் பின்னால் இருப்பதால் தொடர்பில்லை. எடையற்ற தொட்டியில் எரிபொருள் மெல்லிய தகடுகளை நனைத்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து குழாய் வாய்க்கு வரும். வாய் நிறைந்துவிட்டதாகக் கணினி மாதிரி சொல்கிறது. எல்லாம் சரி.

7.02
சோதனையாகச் சிறிது எரித்தேன். எஞ்சின் திணறி அணைந்தது. குழாயில் வாயுக் குமிழி. மாதிரி மட்டும் இன்னும் 'நிறைந்தது' என்கிறது. இருப்புக் கொள்ளவில்லை.

7.25
தொட்டிக் கேமராவில் பார்த்தேன். திரவம் தகட்டில் பரவாமல் உருண்டு நிற்கிறது. தகட்டில் ஏதோ படிந்திருக்க வேண்டும். மாதிரிக்கோ தகடு என்றும் புதிதுதான். திரவம் தகட்டைத் தொடும் கோணத்தைக் கூட்டி மாதிரியை மறுபடி ஓட்டினேன். திரையிலும் அதே உருண்டைகள். வழி ஒன்றுதான்: கலத்தைச் சுழற்றினால் திரவம் வெளிச்சுவருக்கு ஒதுங்கும், குழாய் வாய் அங்கேதான். ஆனால் ரிஸ்வானுக்கும் இதே தொட்டி. அவன் எஞ்சின் தானாக முழு விசையில் எரியும். அப்போது குமிழி புகுந்தால் வெடிக்கும்.

7.31
"ரிஸ்வான், எஞ்சினப் பத்த விடாத! மாதிரிய நம்பாத. மொதல்ல கலத்தச் சுத்த விடு. கேக்குதா?"
பதில் இல்லை. சுழலத் தொடங்கினால் என் ஆன்டெனா அவனை விட்டு விலகிவிடும்; அவன் எஞ்சின் எரிவதற்குள் மறுபடி அவன் பக்கம் திருப்ப முடியாது.

7.44
விடாமல் கூப்பிட்டுக் குரல் கம்மிவிட்டது. 7.50க்குள் சுழலாவிட்டால் எனக்கு நேரம் போதாது. கை சுழற்றும் பொத்தானுக்குப் போகிறது, திரும்புகிறது. இன்னொரு தடவை கூப்பிடுகிறேன். ஒரே ஒரு தடவை.

7.58
"அக்கா, அசந்து தூங்கிட்டேன். இப்பதான் கேட்டுச்சு. சுத்த விட்டுட்டேன். எரிபொருள் வாய்க்கு வந்துடுச்சு, கேமராவுல தெரியுது."
பிறகு அவனே:
"சிக்னல் இவ்ளோ தெளிவா வருதேக்கா... நீங்க இன்னும் சுத்தலையா?"
சுழற்றும் பொத்தானை அழுத்தினேன்.

8.20
திரவம் வாய்க்கு வந்தது. எஞ்சின் அருமையாக எரிந்தது. பிந்திவிட்டது. செவ்வாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். இதைக் கண்டெடுப்பவரே, மாதிரியில் அந்தக் கோணத்தை மாறாத எண்ணாக வைக்காதீர்கள்.

8.41
ஜன்னலில் கோள் சிறுக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். அவன் எஞ்சின். அணையவில்லை. இன்னும் அணையவில்லை. இன்னும்...