சத்தமில்லாமல் நசுங்கிய எலுமிச்சை

முன் சக்கரத்தில் ஒட்டிய எலுமிச்சைத் தோல் இரண்டு நாளாகியும் விழவில்லை. இன்று காலை குனிந்து அதைக் கிள்ளி எடுத்தேன். விரலில் வாசனை ஏறியதும் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நான் மின்சாரக் கார் வாங்கிவிட்டேன். சிரிக்காதே.

வெள்ளிக்கிழமை கோவிலில் பூசை. சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்துவிட்டு ஐயர் நிமிர்ந்தார். "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். பண்ணினேன். சத்தம் எதுவும் கேட்காததால் தேங்காயை எடுத்தபடி மறுபடியும், "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா, நேரம் போவுது" என்றார். பண்ணவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதையோ தள்ளி, எதையோ மிதித்தேன். கார் ஓசையின்றி நகர்ந்தது. தேங்காய் உடைக்கும் முன்பே பழங்கள் நசுங்கின. ஐயர் துள்ளி விலகினார்.

"ஐயோ, என்னம்மா இது! வர்றதுன்னா ஒரு சத்தம் குடுத்துட்டு வர வேணாமா?"

"பேட்டரி காருலா சாமி, அது அப்படித்தான்" என்று பக்கத்தில் நின்ற ஓர் அம்மா சமாதானம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. ஐயர் சொன்னது நீ சொல்லும் வார்த்தை.

மலாக்காவில் அந்த மோட்டார் காப்புறுதி அலுவலகத்தில் பதினெட்டு வருடம் நம் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. காலையில் என்னை ஏற்றிக்கொள்ள வந்து, புக்கிட் ரம்பாயில் என் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பாய்: ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக. தெருவே எழுந்துவிடும். நானோ உன் மேசைப் பக்கம் வந்து பேசாமல் நிற்பேன். "பேய் மாதிரி வந்து நிக்காதடி. மனுசின்னா சத்தம் குடுத்துட்டு வரணும்" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலை நடைபாலத்துக்கு என்னை இழுத்துப் போவாய். சிங்கப்பூரிலிருந்து விலை உயர்ந்த கார்கள் வரிசையாக வரும். நீ கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே பெயர் சொல்வாய்.

"பெட்ரோல எரிச்சுப் பெருமை காட்ட இவ்வளவு வெலையா?" என்பேன்.

"யூனிவர்சிட்டி போனவ பேச்சப் பாரு. வெலையா கேட்டேன்? சத்தம் சும்மாதானடி கெடைக்குது."

ஒரு நாள், "இத்தாலி! பன்னெண்டு சிலிண்டர்!" என்று துள்ளிக் கண்ணைத் திறந்தாய். கீழே எக்ஸாஸ்ட் ஓட்டையான ஒரு மீன் லோரி போனது. நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "டிரைவருக்கு இத்தாலி ரத்தம்லா" என்றாய்.

நீ உயிராய் நினைத்த அந்த இத்தாலி கார் நிறுவனமும் இப்போது மின்சாரக் காருக்கு வந்துவிட்டது. இந்த வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் முழுவதும் இதே பேச்சு. "சத்தமில்லாத ஸ்போர்ட்ஸ் காரு, உறைப்பில்லாத சம்பல்லா" என்றார் மணியம். "வாங்கப் போறது நீங்களாண்ணே? பஸ் பாசுக்கே மூக்கால அழுறீங்க" என்றாள் பாத்திமா. நான் அந்த நிறுவனத்தின் பக்கம் பேசினேன். காலம் மாறும்போது அவர்களும் மாறத்தான் வேண்டும். வேகத்துக்குச் சத்தம் தேவையில்லை. ஓசை விரும்பிகளுக்காகக் காரில் சத்தம் எழுப்ப ஏதோ ஏற்பாடு இருக்கும் என்கிறார்கள். அதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. அமைதியாக ஓடுவது ஒரு குறையா, அதை மறைக்க? இப்படியெல்லாம் பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் போய்ப் பழங்களை நசுக்கினேன்.

ஐயரைப் பற்றித்தான் அதன்பின் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் வராததால் வண்டி ஓடத் தயாராகவில்லை என்று நினைத்தார். நானும் உன் விஷயத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசி வருடம் உன் வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. "டயட்லா" என்றாய். ஹாரன் நின்றது. "அக்கம்பக்கத்துல திட்டுறாங்க" என்றாய். சனிக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்கச் செர்காம் போவதாகச் சொன்னாய். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் நுழையாதது நாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போனது செர்காமுக்கு அல்ல, தனியாக மருத்துவமனைக்கு என்று, எல்லாம் முடிந்து நீ கண்ணை மூடியபின் உன் அம்மாவின் போனில்தான் தெரிந்தது. ஊரையே சத்தம் கொடுக்கச் சொன்னவள் நீ. உன்மேல் நெடுநாள் கோபமாக இருந்தேன். ஆனால் நான் ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். அது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

நேற்று செர்காம் போனேன். உங்கள் வீட்டு கேட் முன்னால் கார் வந்து நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹாரனில் கை வைத்தேன். ஒன்று நீளமாக, இரண்டு குட்டையாக. யோசித்துச் செய்யவில்லை. உன் அம்மா கையில் துண்டோடு வாசலுக்கு ஓடி வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அவ மாதிரியே அடிக்கிறியேம்மா."

"மன்னிச்சிருங்கம்மா. இந்தக் காருக்குச் சத்தம் இல்ல, அதான்."

உள்ளே உட்கார வைத்துக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன்.

"அப்படிச் சொன்னா நான் கெளம்ப மாட்டேன்மா. உண்மையச் சொல்லுங்க."

அம்மா வாசலில் நின்ற என் காரைப் பார்த்தார். பிறகு கைலியைச் சற்றே விலக்கி, வீங்கிப்போன முழங்காலைக் காட்டினார்.