ஜாதகத்தோடு ஒரு சீட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

பூர்ணிமாவின் வணக்கம். மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. இப்போது ஒரகடம் ஹாஸ்டலில் நன்றாகவே இருக்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, “குடும்பத்துல யாருக்காவது தசை நோய் இருக்காம்மா?” என்று கேட்டார். நீங்கள் பழக்கியபடி “இல்லை” என்றேன். கூட வந்த அறைத்தோழி அமலாவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாடி மறைக்கிற? உங்கண்ணன் அந்த நோயோட ஆபரேஷனுக்குப் போய், மயக்கத்துலயே காய்ச்சல் ஏறித்தானே செத்தாரு?”

டாக்டரம்மா உடனே மருந்தை மாற்றினார். “சொல்லாம விட்டிருந்தா நீயும் எழுந்திருக்க மாட்டே” என்றார்.

வரன் தட்டிப்போகும் என்று மறைத்தீர்கள். கட்டிக்கொடுக்க நான் உயிரோடு இருக்க வேண்டாமா?

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள், வெறும் கஞ்சி இறங்கவில்லை. இதைத் தபாலில் போட அமலா காத்திருக்கிறாள், ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. அண்ணனின் ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி நகலெடுங்கள். இனி யார் பெண் கேட்டாலும் என் ஜாதகத்தோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

பூர்ணிமா