படத்தில் பதிந்த முதுகு

கந்தப்பளை
25.09.2024

அன்புள்ள பேச்சியம்மாவுக்கு,

நம் மகள் பிரியந்திக்கு வலிப்பு ஆபரேஷன் திகதி இன்னும் குறிக்கப்படவில்லை. நேற்று செவ்வாய்க்கிழமை கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா நேரில் சொன்னார். தமிழ் நர்ஸ் ஒருவர் ஒரு சொல் விடாமல் எனக்கு எடுத்துச் சொன்னார். ஐந்து நாள் எடுத்த சோதனை பயன்படவில்லை. திரும்ப எடுக்க வேண்டும்.

உன் மேடம் வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம்தான் போனைத் தருகிறார். அதற்குள் இதைச் சொல்ல முடியாது. லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே குவைத்துக்குத் திரும்பும் நம் தோட்டத்து டக்ளஸிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் பயந்தது போல எடுத்த எடுப்பில் மண்டையைத் திறப்பதில்லை. முன்பு மூளையில் பெரிய பகுதியாகவே வெட்டி எடுத்தார்களாம். இப்போது வலிப்பு கிளம்பும் இடத்தை முதலில் தேடுகிறார்கள். தேவைப்பட்டால் சிறு துளை போட்டு மெல்லிய கம்பிகளை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். இரண்டு வகை மாத்திரைக்கு நிற்காதபோதே கூட்டி வந்திருக்க வேண்டும், ஏன் பதினொரு வருடம் வைத்திருந்தீர்கள் என்று டொக்டர் அம்மா கேட்டார்.

தலை நிறைய வயர் ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரும்வரை பிள்ளையைக் கேமரா முன் படுக்க வைத்தார்கள். எந்தக் கை முதலில் முறுக்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சந்தேகம். பக்கம் தவறினால் பேச்சோ ஞாபகமோ போகலாம், வலிப்பும் நிற்காது. அதனால், வலிப்பு வந்தால் பொத்தானை அமுக்குங்கள், பிள்ளையைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் தொட்டேன். ஏழு வருடத்துக்கு முன் நீ புறப்பட்ட அன்று வீட்டுச் சாவியைக் கொடுத்து, "வலிப்பு வந்தா இந்த இரும்பப் புடிக்கக் குடுங்க, கைய விட்றாதீங்க" என்றாய். அதையே செய்து பழகிவிட்டேன். பொத்தானை அமுக்கிய மறு நொடி சாவி அவள் கையில், அவள் இரண்டு கையும் என் கைக்குள். நர்ஸ் ஓடிவந்து சத்தம் போட்டார். அடுத்த இரண்டு தடவையும் அப்படியே. மூன்று வலிப்பிலும் படத்தில் இருப்பது என் முதுகு. "ஐயா, ஒங்க முதுகுக்கு நாங்க ஆபரேஷன் பண்ண முடியாதுங்களே" என்றார் அந்த நர்ஸ்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. மற்றவர் சொல்லி நீ கேட்கக்கூடாது.

"அடுத்த தடவ ஒங்கள கட்டிலோட கட்டிப் போடச் சொல்றேன்ப்பா" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹட்டன் வரை பிரியந்தி கேலி செய்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேயிலை மலையில் வலிப்பு வந்து விழுந்ததிலிருந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடுவதில்லை, உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இப்படியே இருக்கத்தான் பயமா இருக்கு" என்றாள்.

ஒக்டோபர் 14 திங்கட்கிழமை மறுபடி படுக்க வைக்கிறார்கள், வெள்ளி வரை. டொக்டர்மார் கூடிப் பேசி 25ஆம் திகதி முடிவு சொல்வார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம். உன் தங்கை ஜீவராணியை அனுப்பவா என்றேன். அப்பாதான் வேண்டும் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஐந்து நாளும் பிள்ளை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் தரச் சொல்லி மாரியம்மனிடம் நீயும் கேள்.

உன்
செல்லசாமி