மறுமொழி நாள்

8 செப்டம்பர் 1985, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்தின் பின்னறையில் ஆட்டம். சாரதா கிளினிக்கிலிருந்து நேராக வந்தாள். பக்கிரிசாமி ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப்போன லோரியோடு திரும்பி, நாகரத்தினத்தின் கடிதத்தையும் கொண்டுவந்தான். மூன்றாவது ஆள் வீரப்பன். மனைவி பவளம் இறந்துபோன பிறகு இன்றுதான் வருகிறான்.  பகடையை அவன் பக்கம் தள்ளினேன். உருட்டினான்.

முன்பெல்லாம் சத்தமாகச் சிரிப்பான். இன்று எண்ணை மட்டும் படித்துச் சொன்னான்.

10 செப்டம்பர், செவ்வாய்

தலைமையாசிரியர் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஒரு கற்பனை நாடு, பெயர் நீலவரை. ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், வைத்தியச்சி, திருடன். வழியில் எதிர்ப்படுகிற மற்ற எல்லோருமாகவும் நான் பேசுவேன். ஒரு காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த நாகரத்தினத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டப் பெட்டி அது. அவர்தான் தமிழாக்கினார். இப்போது ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், எங்கள் தேயிலைத் தோட்டம் என்று நான்கு இடங்களில் முப்பது பேர் ஒரே நாட்டில் ஆடுகிறோம். செய்தியெல்லாம் கடிதத்தில் போய் வருகிறது.

சாமி சம்பந்தப்பட்டது இல்லையே என்றார். இல்லை என்றேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

நாகரத்தினத்தின் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நீலவரையில் நாள் கிழமையே இல்லையாம். பண்டிகை இல்லாத ஊரில் எவன் குடியிருப்பான் என்று கேட்டிருக்கிறார். நம் பண்டிகைகளையே எடுத்து அந்த நாட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டும். அது என் பொறுப்பு.

சாமி பெயரையும் புராணத்தையும் நீக்கிவிட வேண்டும். மனிதர்கள் கையால் செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு அந்த நாட்டில் ஒரு காரணம் தேட வேண்டும். இப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

6 அக்டோபர், ஞாயிறு

நெல் விளையாத மலையில் பொங்கலுக்கு என்ன செய்வது? பால் பொங்குவதை வைத்துக்கொண்டேன். நீலவரையில் பனி விலகும் முதல் நாள், ஊர் நடுவில் ஒரே பானை. சீனப் புத்தாண்டின் வெடிக்கு, ஓநாய்களை விரட்டப் பச்சை மூங்கிலைத் தீயில் போடுகிறார்கள். தீமிதி மட்டும் வரவில்லை. நேர்ந்துகொள்ள யாரும் இல்லாத இடத்தில் எதற்காகத் தீயில் இறங்குவார்கள்?

பக்கிரிசாமிக்கு ஓநாய் நாள் ரொம்பப் பிடித்துவிட்டது.

10 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு தொழிலாளர்களின் எல்லா லைன் வீடுகளிலும் பலகார வாசனை. வீரப்பன் வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை. துக்க வருஷம். நல்லெண்ணெய்கூட வைக்க மாட்டான்.

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தான். "நீலவரையில எல்லாத்துக்கும் ஒரு நாள் வச்சீங்க டீச்சர். செத்தவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

எழுதுகிறேன் என்றேன். 

24 நவம்பர், ஞாயிறு

போன ஹரி ராயா பெருநாள் நினைவுக்கு வந்தது. பவளம் போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஆலையில் வீரப்பனோடு கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிற மலாய்க்காரப் பெரியவர் அவன் இரண்டு கைகளையும் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கு மன்னிக்கச் சொன்னாராம். அவர்கள் வழக்கம் அது. வீரப்பன் இதைச் சொல்லிவிட்டு, நான் யாரிடம் போய்க் கேட்பது என்றான்.

அதையும், நம் படையல் இலையையும், சீனர்கள் செங் பெங் என்கிற முன்னோர் நாளில் கல்லறை துடைப்பதையும் சேர்த்தேன். நீலவரையில் வருஷத்துக்கு ஒரு நாள். இறந்தவரின் இடத்தைக் கூட்டித் துடைத்து, இலை போட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்றைக்கு மட்டும் இறந்தவர் ஒரு வார்த்தை பதில் சொல்வார். மறுமொழி நாள்.

நான்கு பிரதி எழுதி, மூன்றைப் பக்கிரிசாமியிடம் கொடுத்தேன். நல்லதாகத்தான் வந்திருக்கிறது.

15 டிசம்பர், ஞாயிறு

மறுமொழி நாள் ஆடினோம். வீரப்பனின் போர்வீரன் மலையேறி ஒரு கல்லைத் துடைத்தான். யாருடைய கல் என்று கேட்டேன். எம் பொண்டாட்டி என்றான். போர்வீரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை, எழுதி வைத்திருக்கிறோம். சாரதா என்னைப் பார்த்தாள். நான் விட்டுவிட்டேன்.

"கோவமா இருக்கியா?" என்று கேட்டான்.

பதில் சொல்ல வேண்டியவள் நான். "இல்ல. ஒம் மேல கோவமில்ல" என்றேன். என்னையறியாமல் பவளத்தின் இழுவையோடு சொல்லிவிட்டேன். சனிக்கிழமை தோறும் தானா ராத்தா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல்தானே.

முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆறு மாதமாக அழாதவன்.

16 டிசம்பர், திங்கள்

பொய் சொன்னேன்.

19 டிசம்பர், வியாழன்

இங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

ஜூன் ஒன்பது, ஞாயிறு. பவளத்துக்கு உடம்பு முடியவில்லை, வரமாட்டேன் என்று வீரப்பன் சொல்லி அனுப்பினான். அவன் இல்லாமல் கோட்டை முற்றுகை நடக்காது என்று திரும்ப ஆள் அனுப்பியவள் நான். வந்தான். மூன்று மணிநேரம் ஆடினோம். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு பவளம் தனியாகக் கிடந்திருக்கிறாள். அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தங்கவில்லை. மூன்றாம் நாள் அவளும்.

இடையில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "போவாதேன்னு சொன்னேன் டீச்சர். போயிட்டாரு. என்னால அத மறக்க முடியல லா." கூப்பிட்டது யார் என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் என்னிடம் சொன்னாளா? இன்றுவரை விளங்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, அவள் குரலில் நான் எப்படி—

12 ஜனவரி 1986, ஞாயிறு

வீரப்பன் மறுபடியும் மறுமொழி நாள் வேண்டும் என்றான். வருஷத்துக்கு ஒரு முறைதான் என்றேன். நாட்காட்டி உங்கள் கையில்தானே இருக்கிறது என்றான். ஆடினோம். இந்த முறை, நான் சாப்பிட்டேனா என்று பவளத்தைக் கேட்கச் சொல்லுங்கள் என்றான். கேட்டேன்.

தெளிந்த முகத்தோடு போனான். ஆலையிலும் நன்றாகப் பேசுகிறானாம். சாரதா அதைச் சொல்லிவிட்டு, இது நல்லதுக்கில்லை அக்கா என்றாள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நான்காவது முறை. மற்றவர்களின் பாத்திரங்கள் கல்லுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கின்றன. பக்கிரிசாமி பாதியில் எழுந்து போய்விட்டான்.

ஈப்போவிலிருந்து கடிதம். மறுமொழி நாளில் அங்கே ஒருவரும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். நான் செய்ததிலேயே சிறந்தது இதுதானாம். இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் வருமுன்பே வந்திருந்தான். "வீரப்பா, பவளம் அப்படிச் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"தெரியும் டீச்சர். வெளையாட்டுதானே."

"அது இல்ல. ஆஸ்பத்திரியில எங்கிட்டப் பேசிச்சு. போவாதேன்னு சொல்லியும் நீ போனத மறக்க முடியலன்னு சொல்லிச்சு."

 தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. பிறகு, "ஆள் அனுப்பி வரச் சொன்னது நீங்க" என்றான்.

"ஆமா."

"அதயும் பவளத்துக்கிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்; பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். சாரதா வந்து ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாள். மேகம் இறங்கி அறை இருண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

வரவில்லை. நாங்களும் ஆடவில்லை.

23 மார்ச், ஞாயிறு

வீரப்பன் தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். திரிங்காப்பில் ஒரு பூந்தோட்டத்தில் வேலையாம். பவளத்தின் அம்மா வேலம்மா அங்கேதான் இருக்கிறார். அவன் இருந்த லைன் வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

13 ஏப்ரல், ஞாயிறு

நாகரத்தினத்துக்கு எழுதினேன். மறுமொழி நாளில் பதிலை எடுத்துவிடுங்கள். உயிரோடிருப்பவர் பேசட்டும், இறந்தவர் பேச வேண்டாம். காரணமும் எழுதினேன், பெயர் சொல்லாமல்.

4 மே, ஞாயிறு

பதில் வந்தது. வருத்தப்படுகிறேன் என்று தொடங்கி, முடியாது என்று முடித்திருக்கிறார். தெலுக் இந்தானில் ஒருத்தி இறந்துபோன தகப்பனோடு பேசி நிம்மதியாக இருக்கிறாளாம். அந்த நாள் இப்போது எல்லோருக்கும் சொந்தம், நீ எழுதினாய் என்பதற்காக நீயே அழித்துவிட முடியாது என்கிறார். அவர் சொல்வது தப்பில்லை. அவளுக்கு அது பொய்யாக இல்லாமலிருக்கலாம்.

என் பிரதியில் மட்டும் அந்த வரியை அடித்தேன். பகடையும் புத்தகமும் பக்கிரிசாமியிடம் கொடுத்து ஈப்போவுக்கு அனுப்பிவிட்டேன்.

29 மே, வியாழன்

பக்கிரிசாமி சொன்னான்: திதிப்படி ஞாயிற்றுக்கிழமை பவளத்துக்கு வருஷத் தெவசம். வேலம்மா என்னை வரச் சொன்னாராம். வேலம்மாவா, அவனா என்று கேட்டேன். ரெண்டு பேரும் அங்கதான் நின்னாங்க டீச்சர் என்றான்.

போவதா?

1 ஜூன், ஞாயிறு

போனேன். தானா ராத்தாவில் பஸ் மாறி, திரிங்காப்பில் இறங்கிப் பூந்தோட்டத்துச் சரிவில் நடந்தேன். வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். வேலம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நடந்தது எவ்வளவு தெரியும் அவருக்கு? முகத்தில் எதுவும் தெரியவில்லை.

இலை போட்டிருந்தது. வீரப்பன் கற்பூரம் காட்டிவிட்டு நெடுநேரம் நின்றான். உதடு அசைந்தது, என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. நானும் என் பங்குக்கு நின்று, அன்று ஆஸ்பத்திரியில் சொல்லாததை மனதுக்குள் சொன்னேன். வெளியே யாரோ பூக்கூடைகளை லோரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவன் என்னோடு பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசல் வரை வந்துவிட்டேன். பின்னால் வந்து நின்றான்.

"சாப்பிட்டுப் போங்க டீச்சர்."

உட்கார்ந்தேன். அவனே பரிமாறினான். ரசத்தில் உப்பு கூடிப்போயிருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.