ஒரு சிட்டிகை உப்பும் போடவில்லை

மே 22, 2014, வியாழன்

காலை ஏழரைக்கு அக்கா போன். "இன்னிக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஜனவரியில் அத்தானுக்கு இதயம் பலவீனம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் இப்படித்தான். எழுந்ததும் அவரை எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவாள், எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் காலண்டரில் எழுதுவாள், பிறகு எனக்குச் சொல்வாள். ஒரே நாளில் மூன்று பவுண்டு ஏறினால் உடம்பில் நீர் கோர்க்கிறது என்று அர்த்தம். உப்பு கூடாது. தண்ணீர்கூட அளந்துதான்.

பள்ளிக்கு இன்று கடைசி நாள். நான் ஓட்டும் பஸ்ஸில் சீட்டுகளுக்கு அடியில் சுரண்டி எடுத்த சூயிங்கத்தில் ஒரு டயர் செய்யலாம்.

மே 24, சனி

அத்தான் நடந்தே வந்துவிட்டார், நாலு வீடு தாண்டி. படியேறியதும் மூச்சு வாங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு காலத்தில் ரயில்வே தண்டவாளத்தைத் தோளில் தூக்கிய கிளிஃப்டன்.

"மாப்ள, உங்கக்கா ஆர்லீன் நேத்து ராத்திரி ஒரு கோழி வெச்சா. கோழின்னு அவ சொன்னதாலதான் நம்பினேன். திங்கட்கிழமையாவது சோறு சோறு மாதிரி இருக்கட்டும்டா."

போர்வீரர் நினைவு நாளுக்கு என் வீட்டில்தான் கோழி வாட்டுவது. எங்கள் அர்கான்சாஸ் பக்கம் இந்தக் கோழிக்குக் கொஞ்சம் பெயர் உண்டு, நானே சொல்லிக்கொள்ளக்கூடாது. ரகசியம் மேலே தடவும் பொடியில் இருக்கிறது என்று ஊரே நினைக்கிறது. இருபது வருடமாக நினைக்கவிட்டிருக்கிறேன்.

மே 25, ஞாயிறு

ரகசியம் பொடியில் இல்லை. இந்த நோட்டுக்காவது உண்மை தெரியட்டும். வெள்ளரி ஊறுகாய் தீர்ந்த பிறகு ஜாடியில் மிஞ்சும் உப்பும் வினிகருமான தண்ணீர்தான் அது. இந்த ஊரில் அதை யாரும் கொட்டமாட்டார்கள். காலில் நரம்பு இழுத்தால் ஒரு மடக்கு குடிப்பார்கள், உருளைக்கிழங்கு சாலட்டில் ஒரு கரண்டி விடுவார்கள். நான் கோழித் தொடைகளை அதில் ஒரு ராத்திரி முழுக்க மூழ்கவிடுவேன். மறுநாள் துடைத்து, மிளகு, பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை. பொடியில் உப்பே இருக்காது. தேவையில்லை, உள்ளே எலும்பு வரை ஏறியிருக்கும்.

அத்தானுக்கு என்று இரண்டு தொடைகளைத் தனியாக எடுத்துவைத்தேன். வெறும் பூண்டும் எலுமிச்சையும் போதும் என்று. தட்டில் அவை இரண்டும் வெளுத்துப்போய்க் கிடந்தன. நேற்று அவர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. ஒரு நாள்தானே — எடுத்து அதே தண்ணீரில் போட்டுவிட்டேன்.

மே 26, திங்கள்

நல்ல வெயில். பீப்பாய் அடுப்பில் ஹிக்கரி மரக் கரி. அக்கா ஒரு பெரிய தட்டு நிறைய பச்சை பீன்ஸ் சமைத்துக் கொண்டுவந்தாள். அத்தானுக்குக் கோழியை வைப்பதற்கு முன் என்னிடம் வந்தாள்.

"ராய்ஸ், இதுல உப்பு போட்டியா?"

"ஒரு சிட்டிகை கூட போடல அக்கா."

பொய்யா அது? நான் உப்பு டப்பாவைத் தொடவே இல்லை. அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அத்தான் மூன்று துண்டு சாப்பிட்டார். முதல் கடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எலும்பைச் சப்பி, விரலைச் சப்பி, "ஆர்லீன், உன் தம்பி இருக்கானே, கெட்டவன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மாலை முழுக்க அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மே 27, செவ்வாய்

இருநூற்று இரண்டு.

அக்கா டாக்டரைக் கூப்பிட்டுவிட்டாளாம். நீர் பிரியும் மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொன்னார்களாம். குரலில் பதற்றம் இல்லை.

மே 28, புதன்

விடியற்காலையில் ஆம்புலன்ஸ். படுக்க முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறியிருக்கிறார். இருநூற்று ஐந்து. கால் இரண்டும் வீங்கி, சாக்ஸ் பதிந்த இடம் பள்ளமாக. நான் போனபோது முகத்தில் மாஸ்க். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கட்டைவிரலை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

மே 30, வெள்ளி

ஆஸ்பத்திரி நடையில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். எங்கள் அப்பா செத்தபோதும் அழாதவள்.

"நான்தான்டா செஞ்சேன். அன்னிக்கு நேரமில்லன்னு ரெண்டு டப்பா பீன்ஸைப் பிரிச்சு, கழுவாம அப்படியே போட்டுட்டேன். டப்பால எவ்வளவு உப்புன்னு பின்னாடி போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நிமிடமே. வாயைத் திறந்தேன். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று மட்டும் வந்தது. அவள் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தின்னக் கொடுத்தவன் என்ன குடிப்பான்?

ஜூன் 3, செவ்வாய்

அத்தான் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். நூற்றுத் தொண்ணூற்றாறு. அக்கா மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து அவரிடம் சொன்னேன்.

"ஊறுகாய்த் தண்ணிதானே? முதல் கடியிலயே தெரிஞ்சுடுச்சு மாப்ள. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. எனக்கு உள்ளதே கொஞ்சம். அதுக்குள்ள நல்லா நினைச்சுக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "வேண்டாம். தெரிஞ்சும் மூணு துண்டு தின்னவன் நான். பீன்ஸை அவ மன்னிச்சுடுவா. உன்னை மன்னிக்க மாட்டா. அவளுக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

நிம்மதியாக இருந்தது. அதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

அக்கா வீட்டில் இப்போது ஒரு டப்பாகூடக் கிடையாது. தக்காளி, சோளம், சூப், எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாள். தானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறாள். "எனக்கு இது வேணும்" என்கிறாள். தண்டனையாம்.

ஜூன் 18, புதன்

புதன்கிழமை ஜெபக் கூட்டம். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் கேட்டார். ஒருவர் முழங்கால் வலி சொன்னார், ஒருவர் பேரனின் வேலை. பிறகு என் அக்கா எழுந்தாள். நாற்பது பேர் முன்னால், முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் சோம்பேறித்தனத்தால என் புருஷன் சாகப் பார்த்தாரு. ஒரு டப்பாவைக் கழுவ எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கர்த்தர் என்னை மன்னிக்கணும்னு கேட்டுக்கோங்க."

எல்லோரும் தலைகுனிந்து ஜெபித்தார்கள். நானும் குனிந்தேன். பக்கத்தில் அத்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார். சொல்லாதே என்றா, சொல்லிவிடு என்றா, தெரியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர்.

சீ, நானும் ஒரு மனுஷனா?

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பின்வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் சந்தை பீன்ஸ்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, ராத்திரி முழுக்க ஊறவைத்தது, தனியாக எடுத்துவைத்த இரண்டு தொடைகளைத் திரும்பப் போட்டது. அத்தானுக்குத் தெரியும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் கை நிற்கவில்லை.

"நான் என்ன கேட்டேன் உன்னை?"

"உப்பு போட்டியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு சிட்டிகை கூட போடலன்னு."

இன்னும் மூன்று பீன்ஸ் ஒடித்தாள். "கோழி வெச்சதை விடு. அந்தாளு கெஞ்சினா நானே ஒருநாள் வெச்சிருப்பேன். நேத்து நான் எந்திரிச்சு நின்னப்ப, நீ உக்காந்திருந்தியேடா."

ஒடித்த பீன்ஸை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"வீட்டுக்குப் போ ராய்ஸ்."

ஜூன் 20, வெள்ளி

ஏழரை. எட்டு. எட்டேகால். போன் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சுதந்திர தினம். ஊரெல்லாம் வாட்டும் புகை. நான் அடுப்பை மூட்டவில்லை. ரொட்டிக்குள் சீஸ் வைத்துத் தின்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சில் அக்கா மூன்று பெஞ்சு முன்னால் உட்காருகிறாள். அவள் பின்னந்தலை எனக்கு மனப்பாடம். வெளியே வரும்போது அத்தான் காதோரமாக, "எனக்கும் பேச்சு கிடையாது மாப்ள. ஜாடையிலதான் குடித்தனம் நடக்குது" என்றார். எடை எவ்வளவு என்று கேட்டேன். "காலண்டரைக் கேளு. என்கிட்ட சொல்றதில்ல."

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பஸ் அவள் வீட்டைத் தாண்டும்போது வழக்கமாக ஒரு ஹாரன் அடிப்பேன். இன்று கை தானாகப் போயிற்று, அடித்துவிட்டேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. உள்ளேயும் போகவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

தொழிலாளர் தினம். காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டாமல் அக்கா உள்ளே வந்தாள். கையில் மூடி போட்ட பாத்திரம். பின்னால் அத்தான், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரப்பட்ட பையன் மாதிரி.

நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஆறு ஜாடி இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, ஊறுகாயைச் சல்லடையில் தட்டிவிட்டு, தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். வினிகர் நெடி வீடெல்லாம். நான் சும்மா நின்றேன். இருபது வருட ரகசியம் குழாயோடு போயிற்று. இருக்கட்டும்.

பிறகு பாத்திரத்தைத் திறந்து காட்டினாள். கோழித் தொடை. "வினிகர், பூண்டு, மிளகு. ராத்திரியே ஊறப்போட்டேன். அடுப்பை மூட்டு."

வாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பொடி டப்பாவை எடுத்தபோது வாங்கி, முகர்ந்து, நக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

தட்டில் எடுத்து வைத்ததும் கேட்டாள். "உப்பு?"

அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இந்தத் தடவை அது முழு உண்மைதான். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.

"நீயே தின்னு பாருக்கா."

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். அப்புறம்தான் தட்டை அத்தான் பக்கம் தள்ளினாள்.

அத்தான் ஒரு கடி கடித்தார். "அட்டைப்பெட்டியைத் திங்கற மாதிரிதான். ஆனா நல்லா வாட்டின அட்டைப்பெட்டி."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். பாத்திரத்தை மட்டும் விட்டுப் போயிருக்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை ஏழரைக்குப் போன் அடித்தது.

"நூத்தித் தொண்ணூத்தேழு" என்றாள். வைத்துவிட்டாள்.