குறி மாறி விழுந்த மூச்சு

என் பிரியமான முத்திருளாண்டி அண்ணே,

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். இன்று சொல்ல நினைப்பவை மூன்று:

1. நம் குழு இப்போது இருக்கும் நிலை.
2. உங்கள் வீட்டில் மதினி மேல் விழுந்திருக்கும் பழி.
3. உங்கள் புல்லாங்குழல் பதிவைப் பற்றி நான் அனுப்பிய குறிப்பு. அந்தக் குறிப்பில் இசையளவில் பிழை இல்லை என்பது.

மண்டபங்கள் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. கல்யாணத்துக்கே தலையை எண்ணித்தான் விடுகிறார்கள்; பாட்டுக் கச்சேரிக்கு யார் கூப்பிடுவார்கள்? ஞாயிறுதோறும் இணையத்தில் ஒரு பாட்டு போடுகிறோம். அவரவர் வீட்டில் வாசித்துக் கைப்பேசியில் பதிந்து அனுப்ப, ஒத்தக்கடையில் நம் கீபோர்டு ஜெயசீலன் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகச் சேர்க்கிறான். குழல் வரவேண்டிய இடத்தையும் அவனே கீபோர்டில் வாசித்து நிரப்புகிறான். அந்த இடம் வந்தால் நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

போன வாரம்தான் ஆனையூருக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். நாற்பது நாளாகப் போகாமல் இருந்ததற்கு நோய்ப் பயம்தான் காரணம் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை.

மதினி மெலிந்துவிட்டார். உங்கள் அம்மா திதிக்குப் பூ வாங்க அந்த வியாழக்கிழமை மாட்டுத்தாவணிக்குப் போனாரே, அங்கிருந்துதான் நோயைக் கொண்டுவந்து உங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று உங்கள் மகன் கார்த்தி நினைக்கிறான். அம்மாவோடு பேசுவதில்லை. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறானாம்.

மதினி கைப்பேசியில் நம் பாட்டைப் போட்டுக் காட்டினார். அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிறு இணையத்தில் போட்டது. உங்கள் கடைசிப் பாட்டு.

"கேளுங்க தம்பி. எங்கயாச்சும் இளைப்பு தெரியுதா? ஞாயித்துக்கெழம வரைக்கும் இம்புட்டு நல்லா ஊதியிருக்காரு. நாந்தான் பூவோட சேத்து எமனையும் வாங்கியாந்துட்டேன்."

கார்த்தி வாசலில் நின்றுகொண்டிருந்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, போயிட்டு வாரேன் மதினி என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை அண்ணே? அந்தப் பாட்டில் இளைப்பு தெரியாமல் போனதற்குக் காரணமே நான்தான்.

அது ஞாயிற்றுக்கிழமை ஊதியது அல்ல. முதல் பதிவை நீங்கள் திங்கட்கிழமையே, மதினி பூ வாங்கப் போவதற்கு மூன்று நாள் முன்பே, மாடி அறையிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நான் எழுதித் தரும் தாளில் குழலுக்கு மூச்சு எடுக்கும் இடங்களைச் சிவப்பில் குறித்திருப்பேன் அல்லவா? அந்தப் பதிவில் குறியில்லாத ஏழு இடங்களில் மூச்சு விழுந்திருந்தது. ஏழையும் நொடிக் கணக்கோடு பட்டியலிட்டு உங்களுக்கு அனுப்பினேன்.

குரல் பதிவில் பதில் சொன்னீர்கள். "மாடிப்படி ஏறி வந்த வேகத்துல ஊதிட்டேன் போல தம்பி. இன்னொருக்கா அனுப்புறேன், கோவிச்சுக்காத." பிறகு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பே இரண்டு இடத்தில் அறுந்தது.

நான் எழுதிய பதில் அப்படியே இருக்கிறது: ‘படி ஏறியபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஊதவும்.’

புதன்கிழமை இரண்டாவது பதிவு வந்தது. பதினோரு இடங்கள். அதற்கும் ஒரு பட்டியல். வெள்ளிக்கிழமை மூன்றாவது. எண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சுச் சத்தங்களையெல்லாம் வெட்டிவிடு என்று ஜெயசீலனிடம் கொடுத்தேன். மூன்றிலும் நல்ல துண்டுகளாகப் பார்த்து ஒட்டி, வழவழவென்று ஆக்கித் தந்தான். செவ்வாய்க்கிழமை உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு உங்கள் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

மதினி தனக்கு எதிராகத் தானே வைத்திருக்கும் சாட்சி நாங்கள் வெட்டி ஒட்டியது. அசல் பதிவு தேதியோடு என் கைப்பேசியில் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டினால் கார்த்தி என்னைத்தான் திரும்பிப் பார்ப்பான். "எங்கப்பா மூச்சுக்குத் தவிச்சப்ப நீங்க மார்க்கு போட்டுக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? இந்த வாரம் முழுக்க அதற்கு ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். எழுத வரவில்லை.

பதில் இல்லாமலே நாளைக் காலை ஆனையூருக்குப் போகிறேன். திங்கட்கிழமைப் பதிவை மதினியையும் கார்த்தியையும் சேர்த்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவேன். என் பட்டியல்களையும் காட்டுவேன். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு அண்ணே. முப்பது வருடத்தில் ஒரு மேடையிலும் நீங்கள் குறி மாறி மூச்சு எடுத்ததில்லை. தாளை எழுதித் தந்த எனக்குத்தான் அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். என்ன செய்கிறது உங்களுக்கு என்று கேட்டிருக்கவேண்டும். நான் திருத்தி அனுப்பினேன்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
வயலின் சுந்தரராசு